சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆரா? புகார் எழுதுவதிலிருந்து நகல் வாங்குவது வரை (தமிழ்நாடு)

கரிசல்காரன் | இழை தொடக்கம்

இந்தப் பகுதியில் வாரத்துக்கு ரெண்டு பேராவது ஒரே கேள்வியோட வர்றாங்க. "ஸ்டேஷன்ல மனு கொடுத்தேன், சி.எஸ்.ஆர். போட்டு அனுப்பிட்டாங்க, இது போதுமா?" ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டா பதில் போறதுக்குப் பதிலா விஷயம் தெரிஞ்சவங்க இங்கேயே எழுதினா பின்னால வர்றவங்களுக்கு லிங்க் கொடுத்துடலாம்.

அதிகம் வர்ற மூணு சங்கதியை எடுத்துக்குவோம்: வண்டி திருட்டு, அடிதடி, ஆன்லைன் பண மோசடி. மனுவுல என்ன இருக்கணும், எதுக்கு எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கட்டாயம், வாங்க மறுத்தா அடுத்த படி என்ன? சொந்தக் கதை வேண்டாம், நடைமுறை மட்டும். தமிழ்நாடு மட்டும் பேசுவோம், மத்த மாநிலத்துல பதிவேடுகளோட பேரே வேற.

வாய்தா வக்கீல்

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1.7.2024 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.). எஃப்.ஐ.ஆர். என்றால் பழைய பிரிவு 154, இப்போது பி.என்.எஸ்.எஸ். 173. மனுவில் பழைய பிரிவு எண்ணைப் போட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம். பிரிவு போடுவது புகார்தாரரின் வேலையே இல்லை. நடந்ததை எழுதுங்கள், பிரிவை அவர்கள் போடுவார்கள்.

சி.எஸ்.ஆர். என்பது நம் மாநிலக் காவல் நிலையங்களில் உள்ள சமூக சேவைப் பதிவேடு. வந்த மனுவுக்கு ஒரு எண்ணும் ரசீதும் கிடைக்கும். பி.என்.எஸ்.எஸ்.-இல் அந்தச் சொல்லே கிடையாது. அதை வைத்துப் புலன் விசாரணை தொடங்காது, கைது இல்லை, நீதிமன்றத்துக்கு எந்தக் காகிதமும் போகாது. எஃப்.ஐ.ஆர். பதிவானால் குற்ற எண் விழும், அசல் அன்றே குற்றவியல் நடுவருக்குப் போயாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த வழக்கை ஸ்டேஷன் தன்னிஷ்டத்துக்கு மூட முடியாது, நீதிமன்றத்தில் இறுதி அறிக்கை தாக்கல் செய்தே தீர வேண்டும். இருக்கிற வித்தியாசம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

எதற்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம்? கைது செய்ய வாரண்ட் தேவைப்படாத குற்றம், அதாவது பிடியாணை வேண்டாக் குற்றம், புகாரில் தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 12.11.2013 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது இது. புகார் உண்மையா பொய்யா என்பதைப் பதிவுக்குப் பிறகு விசாரிக்கலாம், பதிவுக்கு முன்பு அல்ல. குடும்பத் தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், மூன்று மாதத்துக்கு மேல் காரணமில்லாமல் தாமதமான புகார் போன்றவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தார்கள்.

புதுச் சட்டத்தில் ஒரு சேர்க்கை. மூன்று ஆண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் (பிரிவு 173(3)). "14 நாள் டைம் இருக்கு" என்று ஸ்டேஷனில் சொன்னால் கேட்க வேண்டியது இரண்டு: அனுமதி வாங்கியாயிற்றா, எந்தத் தேதியிலிருந்து 14 நாள். பணமோசடியில் இது செல்லாது. பி.என்.எஸ். 318(4) ஏமாற்றுக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை, "ஏழுக்குக் குறைவு" என்ற வரம்புக்குள் அது வராது. அங்கே பெரும்பாலும் லலிதா குமாரியின் "வணிக விவகாரம்" என்ற வரியைக் காட்டுவார்கள். யாரென்றே தெரியாதவன் போனில் ஏமாற்றிப் பணம் பறித்தது வணிகத் தகராறு ஆகாது.

பழைய ரைட்டர்

வக்கீல் சார் சட்டம் சொல்லிட்டாரு. ரைட்டர் மேஜையில என்ன நடக்கும்னு நான் சொல்றேன்.

எஃப்.ஐ.ஆர். ஒரு அச்சடிச்ச படிவம், கட்டம் கட்டமா இருக்கும். சம்பவ நாள், நேரம். ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம். சம்பவ இடம் ஸ்டேஷன்லேருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம். புகார்தாரர் பேரு, தகப்பனார் பேரு, வயசு, தொழில், விலாசம். எதிரி விவரம். தாமதத்துக்குக் காரணம். களவு போன சொத்து விவரம், மொத்த மதிப்பு. கடைசியில புகார் வாசகம். உங்க மனு இந்தக் கட்டங்களுக்குப் பதில் சொல்ற மாதிரி இருந்தா வேலை ஓடும். ரெண்டு பக்கம் ஆதங்கத்தைக் கொட்டி, நேரமும் இடமும் போடாம கொடுத்தா, "விசாரிச்சுட்டுப் போடறோம்"னு சி.எஸ்.ஆர். தான்.

வெள்ளைத் தாள், கையெழுத்து போதும். பத்திரம் வேண்டாம், டைப்பிங் வேண்டாம், வக்கீல் வேண்டாம், பணம் கிடையாது. எழுதத் தெரியாதவங்க வாயால சொல்லலாம். எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்கணும்.

பெறுநர் "காவல் ஆய்வாளர் அவர்கள்". பெரிய நகரங்கள்ல ஒரே கட்டடத்துல சட்டம் ஒழுங்கு தனி, குற்றப்பிரிவு தனி. திருட்டு, வழிப்பறி, வீடு புகுந்தது குற்றப்பிரிவுக்கு. அடிதடி, மிரட்டல் சட்டம் ஒழுங்குக்கு. சாலை விபத்துக்குப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. தப்பான மேஜையில ரெண்டு மணி நேரம் உக்காராதீங்க, வாசல்ல வரவேற்பாளர்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க.

வண்டி திருட்டுக்கு வாசகம் இப்படி இருந்தா போதும்:

"நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். எனக்குச் சொந்தமான ______ பதிவெண் கொண்ட கருப்பு நிற இருசக்கர வாகனத்தை (இன்ஜின் எண் ____, சேஸிஸ் எண் ____) ____ தேதி இரவு சுமார் 9.30 மணிக்கு என் வீட்டு வாசலில் நிறுத்தி, சைடு லாக் போட்டுவிட்டு உறங்கச் சென்றேன். மறுநாள் காலை சுமார் 5.45 மணிக்கு வந்து பார்த்தபோது வாகனம் அங்கு இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தும் தகவல் இல்லை. யாரோ பெயர் விலாசம் தெரியாத நபர்கள் திருடிச் சென்றுள்ளனர். வாகனத்தின் தற்போதைய மதிப்பு சுமார் ரூ. ____. சாவிகள் இரண்டும் என்னிடம் உள்ளன. எதிரிகளைக் கண்டுபிடித்து சட்டப்படி நடவடிக்கை எடுத்து, என் வாகனத்தை மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதுல மூணு இடத்துல ஜனங்க சறுக்குறாங்க. முதல்ல, "தொலைந்துவிட்டது"ன்னு எழுதறது. தொலைஞ்சதுக்கு வழக்கு கிடையாது, திருட்டுக்குத்தான் வழக்கு. ரெண்டாவது, மதிப்பை விட்டுடறது. புதுச் சட்டத்துல ரூ. 5,000-க்குக் கீழ் மதிப்புள்ள சாதாரணத் திருட்டு பிடியாணை வேண்டும் குற்றமாயிடுச்சு. பழைய போன்தானேன்னு "3,000 பெறும்"னு நீங்களே எழுதிக் கொடுத்தா உங்க கையாலயே கதவைச் சாத்தின மாதிரி. இருக்கிற சந்தை மதிப்பை, பில் இருந்தா பில்லோட எழுதுங்க. மூணாவது, கடைசி வரி. "கண்டுபிடித்துத் தருமாறு" மட்டும் எழுதினா அது தேடித்தரச் சொல்ற மனு. "சட்டப்படி நடவடிக்கை எடுத்து" அப்படீங்கற வார்த்தையும் இருக்கட்டும்.

மூணு பிரதி. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணுல பெற்றுக்கொண்டதுக்கு முத்திரை, கையெழுத்து, தேதி, நேரம். இன்னொண்ணு வீட்டுல.

தறிக்காரர்

அண்ணே, ஒரு சந்தேகம். நடந்தது ஒரு ஸ்டேஷன் லிமிட், நாம இருக்கறது இன்னொரு ஸ்டேஷன் லிமிட். "அங்க போய்க் கொடு"ன்னு விரட்டறாங்களே?

பழைய ரைட்டர்

விரட்டக் கூடாது தம்பி. எந்த இடத்துல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் வாங்கணும்னு 173(1)-லயே எழுதியாச்சு. அதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். வழக்கமான வரிசை எண் இல்லாம பதிஞ்சு, உரிய ஸ்டேஷனுக்கு மாத்துவாங்க. அங்க போனதும் அதுக்குப் புது குற்ற எண் விழும், அந்த எண்ணையும் கேட்டு வாங்கிடுங்க. நாலு கிலோமீட்டர்ல உரிய ஸ்டேஷன் இருந்தா நேரா அங்கேயே போறது நல்லது, மாத்தி அனுப்பற நாள் மிச்சம். வெளியூர், வெளிமாநிலம், பெண்கள் குழந்தைகள் விவகாரம், அடிபட்டு நகர முடியாத நிலைமை, இதுக்கெல்லாம் ஜீரோ கேளுங்க.

ஓடற ரயில்ல திருட்டுன்னா இறங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரயில்வே ஹெல்ப்லைன் 139-க்கு அடிங்க, இல்ல டி.டி.இ., கார்டு, ரயில்ல வர்ற பாதுகாப்புப் படை ஆளுகிட்ட படிவம் கேட்டு எழுதிக் கொடுங்க. வழக்கு பதியறது இருப்புப்பாதை போலீஸ்.

கிளெய்ம் கணக்கு

வண்டி திருட்டில் காப்பீட்டுப் பக்கம் நான் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சி.எஸ்.ஆர். செல்லாது, எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். அதோடு முடியாது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் "கண்டுபிடிக்க இயலாத வழக்கு" இறுதி அறிக்கையும் வேண்டும். அது வர மாதக் கணக்கில் ஆகும் என்பதால், எஃப்.ஐ.ஆர். தள்ளிப் போகும் ஒவ்வொரு வாரமும் பணம் வருவதும் தள்ளிப் போகிறது.

எஃப்.ஐ.ஆர். போடுவதற்காகக் காத்திருக்காமல் அன்றே கம்பெனி இலவச எண்ணில் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். போலீசுக்கு உடனே சொல்லி, கம்பெனிக்குச் சொல்வது மட்டும் தாமதமானால் அதை வைத்தே கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு போலீசுக்கு உடனே போனவருக்குத்தான் கைகொடுக்கும். போலீசுக்கும் பத்து நாள் கழித்துப் போனால் காப்பாற்ற ஆளில்லை.

இரண்டு சாவியும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எங்கே போனது என்பதைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும். புகாரில் ஒன்றும் சொல்லாமல் கிளெய்ம் படிவத்தில் "முன்பே தொலைந்துவிட்டது" என்று எழுதினால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனதாகத்தான் விசாரணையாளர் எடுத்துக்கொள்வார். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, பெயர் மாற்றம் நடக்காமல் குறிப்பு போடச் சொல்லுங்கள்.

ஆர்.சி., லைசென்ஸ், மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் போன்ற ஆவணம் மட்டும் தொலைந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். வேண்டாம், ஸ்டேஷனுக்கே போக வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில் "தொலைந்த ஆவண அறிக்கை" எடுத்துக்கொள்ளலாம். சொத்துப் பத்திரம் மட்டும் வேறு கதை. அதற்குப் பத்திரிகை விளம்பரம், காவல்துறையின் "கண்டறிய இயலவில்லை" சான்று எல்லாம் உண்டு.

தறிக்காரர்

அடிதடியில முதல்ல ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா? ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பழைய ரைட்டர்

ரத்தம் வந்தா ஆஸ்பத்திரி. யோசனையே வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில விபத்துப் பதிவேடு இருக்கு, ஏ.ஆர்.-னு சொல்லுவாங்க. டியூட்டி டாக்டர் அதுல எழுதற முதல் வரிதான் வழக்கோட முதுகெலும்பு: எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, எத்தனை பேரு, தெரிஞ்சவங்களா தெரியாதவங்களா, எதால அடிச்சாங்க. "தெரிந்த மூன்று நபர்கள் கட்டையால் தாக்கியதாகக் கூறுகிறார்"னு அங்க இருந்து, மனுவுல "ஏழு பேர் அரிவாளால்"னு இருந்தா, கோர்ட்டுல எதிரி வக்கீல் வேற ஒண்ணும் கேக்கவே வேண்டாம், அந்த ஏ.ஆரை எடுத்து நீட்டினாப் போதும். போலீஸ் வம்பு வேண்டாம்னு "பைக்லேருந்து விழுந்துட்டேன்"னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு மறுநாள் மனசு மாறி புகார் கொடுக்கறவங்க இருக்காங்க. அந்த வரியை அப்புறம் யாராலயும் அழிக்க முடியாது.

உள்நோயாளியா சேர்த்தா ஆஸ்பத்திரியிலேருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். எஸ்.ஐ. வந்து கட்டில்ல வச்சே வாக்குமூலம் எழுதுவாரு, அதுவே புகார். தனியார் ஆஸ்பத்திரியா இருந்தா தகவல் அனுப்பினாங்களான்னு நீங்கதான் கேட்டு உறுதிப்படுத்தணும்.

எந்தப் பிரிவு விழுதுங்கறதுல கவனம் வேணும். கையால அடிச்ச சாதாரணக் காயம் பி.என்.எஸ். 115(2), அது தனியா வந்தா பிடியாணை வேண்டும் குற்றம். அதனாலதான் "கோர்ட்டுக்குப் போய்க்கோ"ம்பாங்க. ஆயுதமோ ஆபத்தான பொருளோ இருந்தா 118(1), எலும்பு முறிவு, பல் விழுந்தது மாதிரி கொடுங்காயம்னா 117(2), ரெண்டும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டியது. நம்ம ஊர் எஃப்.ஐ.ஆர்.ல பழைய 294(பி), 323, 506(2)-னு ஒரு மும்மூர்த்தி இருந்துச்சே, அதுவே இப்ப 296(பி), 115(2), 351(3). பொது இடத்துல ஆபாசமாத் திட்டினது பிடியாணை வேண்டாக் குற்றம்கறதால அந்த ஒண்ணு சேர்ந்தா மத்ததும் சேர்ந்து பதிவாயிடும். அதுக்காக நடக்காததைச் சேர்க்கச் சொல்லலை. திட்டியிருந்தா, என்ன வார்த்தை சொல்லித் திட்டினாங்களோ அதை அப்படியே எழுதணும். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" அப்படீங்கறது எடுபடாது. கூச்சப்பட்டு இதை விட்டுடறவங்கதான் அதிகம்.

வாய்தா வக்கீல்

எதிர்ப் புகார் பற்றியும் ஒரு வார்த்தை. இரு தரப்பும் புகார் கொடுத்தால் ஒன்றைப் பதிந்து மற்றதைக் கிடப்பில் போடக் கூடாது. காவல்துறை நிலையாணை (போலீஸ் ஸ்டாண்டிங் ஆர்டர்) 588-ஏ படி வழக்கையும் எதிர்வழக்கையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று முடிவுக்கு வர வேண்டும். உங்கள் ஆளும் திருப்பி அடித்திருந்தால் அதைப் புகாரில் மறைக்காதீர்கள். எதிரிக்கும் காயம் இருக்கும், அவனுக்கும் ஏ.ஆர். இருக்கும். அந்தக் காயம் எப்படி வந்தது என்பதற்கு உங்கள் புகாரில் பதிலே இல்லையென்றால் சந்தேகத்தின் பலன் அவனுக்கு.

தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன். துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு, 1972. எஃப்.ஐ.ஆர். தாமதமானால் கதை சேர்க்கப்படும் வாய்ப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு, இன்றும் எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது இதைத்தான். தாமதமே வழக்கைக் கொல்லாது, காரணம் சொல்லாத தாமதம்தான் கொல்லும். "சிகிச்சையில் இருந்ததால்", "ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதாகச் சொன்னதால் காத்திருந்து" என்று உண்மைக் காரணத்தை ஒரே வரியில் மனுவில் போடுங்கள்.

மலர்விழி_கோவை

பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனி விதிகள் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா இந்த இழை அரைகுறை.

பாலியல் குற்றம்னா பாதிக்கப்பட்ட பெண்ணோட தகவலைப் பெண் காவலர்தான் எழுதணும். மாற்றுத்திறனாளியா இருந்தா அவங்க வீட்டிலோ அவங்களுக்கு வசதியான இடத்திலோ வந்து, வீடியோ எடுத்துக்கிட்டே எழுதணும். மகளிர் காவல் நிலையத்துக்கு மட்டும்தான் போகணும்னு கிடையாது, எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம். பாலியல் வன்கொடுமை, அமிலவீச்சு, மனித வணிகம் (டிராஃபிக்கிங்) மாதிரி குற்றங்கள்ல தகவலைப் பதியாம விட்ட அதிகாரிக்கு பி.என்.எஸ். 199-ல ஆறு மாசத்துக்குக் குறையாம ரெண்டு வருஷம் வரை தண்டனை இருக்கு. மனுவோட அடியில இந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே தொனி மாறும்.

18 வயசுக்குக் கீழ்ன்னா போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்லேருந்து காக்கற சட்டம். தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும், பள்ளிக்கூடம் "உள்ளுக்குள்ள விசாரிக்கறோம்"னு மூடி வைக்கறதே குற்றம். குழந்தையை ஸ்டேஷன்ல உக்கார வைக்கக் கூடாது. வீட்டுக்கோ குழந்தைக்குப் பழக்கமான இடத்துக்கோ வரணும், அதுவும் சீருடை இல்லாம. இந்தப் புகார்கள்ல குழந்தையைத் திரும்பத் திரும்பக் கதை சொல்ல வைக்காதீங்க. பெற்றோர், டீச்சர், ஹெல்ப்லைன்னு நாலு இடத்துல நாலு மாதிரி பதிவானா பின்னால அதையே முரண்பாடா காட்டுவாங்க. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

ஆள் காணோம்னா 24 மணி நேரம் காத்திருக்கணும்னு ஒரு சட்டமும் இல்லை. குழந்தை காணாமப் போனா உடனே எஃப்.ஐ.ஆர்.-னு 2013-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சமீபத்திய போட்டோ, உயரம், கடைசியா போட்டிருந்த துணி, மச்சம் தழும்பு, போன் எண், கடைசியா யாரோட பேசினாங்க, கையில எவ்வளவு பணம், இவ்வளவும் முதல் மனுவிலேயே வேணும்.

சாதி வன்கொடுமைப் புகாருக்கு முதற்கட்ட விசாரணையே தேவையில்லைன்னு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோட 2018 திருத்தத்துல வந்த பிரிவு 18-ஏ சொல்லுது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாம இருக்கணும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினதா இருந்தா எந்த இடம், யார் யார் கேட்டாங்க அப்படீங்கறதை விடாம எழுதுங்க. பிரிவு நிக்கறதும் விழறதும் பல தடவை அந்த "பிறர் பார்வையில்" அப்படீங்கறதுலதான்.

நெட்வொர்க் நெல்லை

ஆன்லைன் மோசடிக்கு வரிசையே தலைகீழ். ஸ்டேஷன் கடைசி, சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-தான் முதல்ல.

பணம் போன நிமிஷத்துலேருந்து அது கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கிட்டே இருக்கும். 1930-ல சொன்னா அந்த வங்கிக்கு உடனே தகவல் போய், இன்னும் எடுக்காம மிச்சம் இருக்கிற தொகையை அங்கேயே நிறுத்தி வைப்பாங்க. ஏ.டி.எம்.ல எடுத்தாச்சுன்னா நிறுத்த ஒண்ணும் இல்லை. அடிக்கறதுக்கு முன்னாடி கையில வைக்க வேண்டியது: எந்த வங்கி, கணக்கு எண், எத்தனை மணிக்கு எவ்வளவு, யு.பி.ஐ.-ன்னா அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பத்துத் தடவை பணம் போயிருந்தா பத்து எண்ணும் தனித்தனியா வேணும். மொத்தத் தொகையை மட்டும் சொன்னா வங்கியால தேட முடியாது. லைன் கிடைக்கலைன்னா அதுக்காக உக்காராம தேசிய சைபர் குற்ற இணையதளத்துல நேராப் பதிஞ்சிடுங்க. ஒப்புகை எண் வரும், அது எஃப்.ஐ.ஆர். இல்லை. அதை வச்சு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். கேக்கணும்.

அதே நாள்ல வங்கிக்கும் எழுத்துல கொடுங்க. ரிசர்வ் வங்கியோட 6.7.2017 சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலயும் இல்லை வங்கி மேலயும் இல்லைன்னா, மூணு வேலை நாளுக்குள்ள சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. ஓ.டி.பி.-யை நீங்களே சொல்லியிருந்தா, வங்கிக்குத் தகவல் சொல்ற நேரம் வரைக்கும் போனது உங்க கணக்கு, அதுக்கப்புறம் போறது வங்கி கணக்கு. அதனால தகவல் சொன்ன நேரத்துக்கு ஆதாரம் வச்சுக்குங்க.

பயந்துபோய் சாட்டை அழிக்கறது, போனை ரீசெட் பண்றது ரெண்டும் கூடாது. ஸ்கிரீன்ஷாட் நல்லதுதான், ஆனா கோர்ட்டுக்கு அசல் சாதனம் முக்கியம். புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ன் கீழ சான்றிதழ் கொடுக்கணும், அது இல்லாம வெறும் பிரிண்ட் நிக்காது. சி.சி.டி.வி.-யும் அப்படித்தான். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்ல சில வாரத்துல பழசு மேல புதுசு எழுதிடும். "இந்த இடத்துல இந்தக் கடையில கேமரா இருக்கு, இத்தனை மணியிலேருந்து இத்தனை மணி வரை பதிவை எடுக்க வேண்டுகிறேன்"னு மனுவிலேயே போடுங்க.

நிறுத்தி வச்ச பணம் தானா திரும்பாது. பொதுவா நடுவர் நீதிமன்றத்துல பி.என்.எஸ்.எஸ். 503-ன் கீழ மனு போட்டு உத்தரவு வாங்கணும், பழைய 457.

போன் திருட்டுக்கு மட்டும் ஒரு குறிப்பு: ஐ.எம்.இ.ஐ. எண் (போனோட தனி அடையாள எண்) பெட்டியில இருக்கும், பில்லுல இருக்கும். போன் கையில இருக்கும்போதே *#06# அடிச்சு எழுதி வைங்க. ரெண்டு சிம் போன்ல ரெண்டு எண். புகார் நகல், புகார் எண் ரெண்டையும் வச்சு மத்திய அரசோட சி.இ.ஐ.ஆர். தளத்துல முடக்கலாம். டூப்ளிகேட் சிம் வாங்கின முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, ஓ.டி.பி. வரலையேன்னு குழம்பாதீங்க.

கரிசல்காரன்

அருமை. இப்ப முக்கியமான இடம். எல்லாம் சரியா எழுதிக் கொடுத்தும் எஃப்.ஐ.ஆர். போடலைன்னா? நேரா ஐகோர்ட்டுல "டைரக்‌ஷன்" வாங்கிடலாம்னு பல பேர் சொல்றாங்களே?

வாய்தா வக்கீல்

படி ஏறித்தான் போக வேண்டும். சாகிரி வாசு வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஓடாதே, நடுவரிடம் போ. நேராகப் போனால் பெரும்பாலும் "மாற்று வழி இருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள், செலவு மட்டும் மிச்சம்.

முதல் படி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரின் சாராம்சம் (173(4)). கமிஷனரேட் நகரங்களில் ஆணையருக்கு அனுப்பி, துணை ஆணையருக்கு ஒரு நகல். "தபாலில்" என்று சட்டமே சொல்கிறது. நேரில் கொடுத்தாலும் தபாலிலும் அனுப்புங்கள், டெலிவரி ஆனதற்கான சான்றோடு. ஸ்டேஷனுக்கு எந்தத் தேதி கொடுத்தீர்கள், சி.எஸ்.ஆர். எண் என்ன, யார் என்ன சொல்லித் திருப்பினார்கள், எல்லாம் அதில் இருக்கட்டும்.

அங்கும் நடக்கவில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் 175(3) மனு, அதாவது பழைய 156(3). இங்கேதான் பல மனுக்கள் விழுகின்றன. பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும் என்று 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் புதுச் சட்டம் பிரிவுக்குள்ளேயே எழுதிவிட்டது. ஸ்டேஷனில் கொடுத்ததற்கும் எஸ்.பி.க்கு அனுப்பியதற்கும் அத்தாட்சி இல்லாமல் வந்தால் எண்ணிடும் கட்டத்திலேயே திரும்பும். நடுவர் போலீஸ் தரப்பு விளக்கத்தையும் கேட்டுத்தான் உத்தரவிடுவார்.

இன்னொரு வழி, நடுவர் நீதிமன்றத்தில் நேராகக் கொடுக்கும் தனிநபர் புகார். போலீஸ் விசாரித்துத் தேட வேண்டியது ஒன்றுமில்லை, சாட்சியும் ஆவணமும் உங்கள் கையிலேயே இருக்கின்றன என்றால் இது நல்லது. ஆனால் சாட்சிகளைக் கூட்டி வருவது உங்கள் பொறுப்பு. புதுச் சட்டப்படி கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிரிக்கும் வாய்ப்பு கொடுத்தாக வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை.

பழைய ரைட்டர்

நடுவுல ஒண்ணு சேர்க்கறேன். முதல்வர் தனிப்பிரிவு, 1100 ஹெல்ப்லைன், கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனு, எல்லாம் சுத்தி அதே ஸ்டேஷனுக்குத்தான் அறிக்கை கேட்டு வரும். கொடுக்காதீங்கன்னு சொல்லலை, அழுத்தம் உண்டு. ஆனா அதை எஸ்.பி. தபாலுக்குப் பதிலா வச்சுக்கிட்டா கோர்ட்டுல கணக்குல வராது.

இன்னொண்ணு. சி.எஸ்.ஆர். விசாரணைக்குக் கூப்பிட்டு, "இனி இருவரும் பிரச்சினை செய்துகொள்ள மாட்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு எழுதி வாங்குவாங்க. படிக்காம கையெழுத்துப் போட்டா மனு அங்கேயே முடிஞ்சது. உடன்பாடு இல்லைன்னா "எனக்கு உடன்பாடில்லை, வழக்குப் பதிய வேண்டுகிறேன்"னு அதே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மாட்டேன்னா அன்னிக்கே அதைத் தபால்ல எழுதி அனுப்பிடுங்க. கடன் கொடுத்த பணம், வேலித் தகராறு, வாடகை பாக்கி இதையெல்லாம் போலீஸ் வசூல் பண்ணித் தரும்னு மனு கொடுக்கறவங்களும் இருக்காங்க. அது சிவில், சி.எஸ்.ஆரே அதிகம்.

கிளெய்ம் கணக்கு

எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுங்கள் ரைட்டர் சார். நிறைய பேர் நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பழைய ரைட்டர்

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கணும். பேரு, தேதி, நேரம், பதிவெண், இன்ஜின் எண், தொகை. ஒரு இலக்கம் மாறினாலும் இன்சூரன்ஸ்ல வண்டி வேற வண்டி ஆயிடும். அப்பவே சொன்னாத் திருத்தலாம். கோர்ட்டுக்குப் போனப்புறம் எஃப்.ஐ.ஆரைத் திருத்த முடியாது, கூடுதல் வாக்குமூலம்தான் கொடுக்கணும். நகல் இலவசம். புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உரிமை. விசாரணையில எழுதற சாட்சி வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கக் கூடாது, கேட்டா போட வேண்டியதில்லை. பெண்களையும், 15 வயசுக்குக் கீழ் உள்ள பையன்களையும், 60 தாண்டினவங்களையும் சாட்சியா விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வரணும்.

90 நாளுக்குள்ள விசாரணை எந்த அளவுல இருக்குன்னு புகார்தாரருக்குச் சொல்லணும்னு பி.என்.எஸ்.எஸ். 193-ல இருக்கு. போன்லயோ மெசேஜ்லயோ சொல்லலாம். வரலைன்னா அந்தப் பிரிவைப் போட்டு எழுத்துல கேளுங்க.

அப்புறம் ஆர்.சி.எஸ். நோட்டீஸ். வழக்கு "பொருண்மைப் பிழை", "சிவில் தன்மை", "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது"ன்னு முடிக்கறப்ப புகார்தாரருக்கு இந்த நோட்டீஸ் வரும். ஏட்டு வீட்டுக்கே கொண்டு வந்து, "ஒரு கையெழுத்து போடுங்க"ம்பாரு. பெற்றுக்கொண்டேன்னு தேதியோட போடுங்க, "சம்மதம்"னு எழுதாதீங்க. ஆட்சேபம் இருந்தா அந்த நடுவர் கோர்ட்டுல எதிர்ப்பு மனு போடலாம். அறிக்கையை ஏத்துக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்னு 1985-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

தறிக்காரர்

கடைசியா ஒண்ணு. ஆன்லைன்ல புகார் கொடுத்தா ஸ்டேஷனுக்குப் போகவே வேண்டாமா? எஃப்.ஐ.ஆர். நகலும் ஆன்லைன்ல கிடைக்குமா?

நெட்வொர்க் நெல்லை

போகணும். மின்னணு முறையில கொடுத்த தகவல்ல மூணு நாளுக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் அது பதிவுக்கு வரும், அது 173(1)-லயே இருக்கு. இணையதளத்துல போட்டுட்டு "பதிலே இல்லை"ம்பாங்க, கையெழுத்துப் போடாத மனு அங்கேயே தூங்கும். அனுப்பின உடனே வர்ற எண்ணைக் குறிச்சுக்கிட்டு மறுநாளே போயிடுங்க.

நகல் கிடைக்கும். மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு நாலும் போட்டாத் திறக்கும். 24 மணி நேரத்துக்குள்ள ஏத்தணும்னு 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. இணைய வசதி குறைவான இடங்களுக்கு 72 மணி நேரம் வரை போகலாம். பாலியல் குற்றம், போக்சோ மாதிரி வழக்குகளை ஏத்த மாட்டாங்க, அதுக்கு ஸ்டேஷன்லதான் கேட்டு வாங்கணும். மூணு நாள் தாண்டியும் தளத்துல இல்லைன்னா குற்ற எண்ணைத் தப்பா எழுதிட்டீங்களான்னு முதல்ல பாருங்க. சி.எஸ்.ஆர். எண்ணைப் போட்டுத் தேடறவங்கதான் பாதிப் பேர்.